அணிவகுப்பில் ஓர் இடைவெளி

உத்தரப் பிரதேசத்தின் சஹாரன்பூர் மாவட்டத்தில், கரும்பு விளையும் பூமியில் இருக்கிறது சர்சாவா விமானப்படைத் தளம். கார்கில் போரின் 25ஆம் ஆண்டையொட்டி 2024 ஜூலையில் அங்கே வான் சாகசக் காட்சி ஒன்றுக்கு ஏற்பாடாகியிருந்தது. பள்ளிப் பிள்ளைகள், ஓய்வுபெற்ற படைவீரர்கள், சுற்றுவட்டாரத்து மக்கள் என்று கூட்டம். ரஃபேல், சுகோய், ஜாகுவார் விமானங்கள் காதைப் பிளந்துகொண்டு போயின. இந்த ஆர்ப்பாட்டத்துக்கு நடுவே மி-17 ரக ஹெலிகாப்டர்களும் வந்தன. அம்பு முனை போன்ற அணிவகுப்பு. அதில் ஒரு ஹெலிகாப்டர் இருக்க வேண்டிய இடம் மட்டும் காலியாக இருந்தது.

ஆங்கிலத்தில் இதை 'மிஸ்ஸிங் மேன்' அணிவகுப்பு என்கிறார்கள். இறந்துபோன விமானிகளுக்கு உயிரோடிருக்கும் விமானிகள் ஆகாயத்தில் செலுத்தும் மரியாதை. தமிழில் சொல்வது கொஞ்சம் கஷ்டம். 'காணாமற்போனவர்' என்றால் போலீஸ் அறிவிப்பு மாதிரி இருக்கிறது. 'இல்லாதவர்' என்றால் ஏழை என்று அர்த்தமாகிவிடும். அந்த ஆங்கிலச் சொல்லில் ஒருவர் இல்லை என்பதும் இருக்கிறது. அவர் இல்லாத குறை இருப்பவர்களை வாட்டுகிறது என்பதும் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துச் சொல்லத் தமிழில் ஒப்பாரியிடம்தான் போக வேண்டும்.

சர்சாவாவில் அந்தக் காலியிடம் நான்கு பேருக்கு உரியது. ஸ்குவாட்ரன் லீடர் ராஜீவ் புண்டிர், ஃபிளைட் லெஃப்டினன்ட் எஸ். முகிலன், சார்ஜென்ட் பி.வி.என்.ஆர். பிரசாத், சார்ஜென்ட் ராஜ் கிஷோர் சாஹு. 1999 மே 28ஆம் தேதி, கார்கில் போர்முனையில் தோலோலிங் மலை மீதிருந்த பாகிஸ்தானிய நிலைகளை ராக்கெட்டுகளால் தாக்கிவிட்டு விலகும்போது, தோளில் வைத்துச் சுடும் ஸ்டிங்கர் ஏவுகணை அவர்களுடைய ஹெலிகாப்டரைத் தாக்கியது. நால்வருமே இறந்தார்கள். வீரச்செயலுக்கான வாயு சேனா பதக்கம் நால்வருக்கும் மறைவுக்குப் பின் வழங்கப்பட்டது. இந்த நால்வரையும் 152ஆம் ஹெலிகாப்டர் பிரிவின் வீரர்களாகவே விமானப்படை ஆண்டுதோறும் நினைவுகூர்கிறது.

இரண்டாவது பெயரில் தமிழ்க் காது நின்றுவிடும். முகிலன். தனித்தமிழ்ப் பெயர்கள் பிள்ளைகளுக்குச் சூட்டப்படத் தொடங்கிய காலத்தின் வாசனை வீசும் பெயர். முகில் என்றால் மேகம். பெயர் வைத்தவர்கள், பிள்ளை ஒருநாள் மேகங்களுக்கு நடுவே வேலை பார்க்கப் போவான் என்று நினைத்து வைத்திருக்க முடியாது. விமானப்படை அறிக்கைகளில் ஆங்கில எழுத்து 'எச்' போட்டு அந்தப் பெயரை எழுதுகிறார்கள். அதை வடக்கே முஹிலன் என்று வாசிப்பார்கள். போகட்டும். எந்த எழுத்தில் எழுதினாலும் தமிழ்நாட்டிலேயே பலருக்கு இந்தப் பெயர் புதிதாக இருக்கும் என்பதுதான் உறுத்துகிறது. ஏறக்குறைய அதே நேரத்தில், மே 29ஆம் தேதி, படாலிக் பகுதியில் போரிட்டு மடிந்த மேஜர் சரவணனுக்குத் திருச்சியில் நினைவுச் சின்னம் இருக்கிறது. ஊர்க்காரர்களுக்கு அவர் கதை தெரியும். முகிலன் அந்த வகையில் யாருடைய நினைவிலும் ஊன்றி நிற்கவில்லை. யார் பெரியவர் என்ற போட்டி அல்ல இது. தரைப்படை வீரரின் மரணத்துக்கு ஒரு கதை வடிவம் இருக்கிறது: ஏறினார், சுட்டார், காயம்பட்டும் திரும்பவில்லை, விழுந்தார். ஹெலிகாப்டரில் இறந்தவரைப் பற்றிச் சொல்ல வந்தால் ஒரு வரியில் முடிந்துவிடுகிறது. சுட்டு வீழ்த்தப்பட்டது, அவ்வளவுதான்.

அந்த ஒரு வரிக்குள் அடங்கிக் கிடப்பவை நிறைய.

மி-17 என்பது அடிப்படையில் ஒரு லாரி. ரஷ்யத் தயாரிப்பு, இரட்டை எஞ்சின், இருபத்து நான்கு வீரர்களையோ நான்கு டன் சாமான்களையோ ஏற்றிச் செல்லக்கூடியது. வெள்ளம் வந்தால் மொட்டை மாடியிலிருந்து ஆட்களைத் தூக்குவது, பனிமலை முகாம்களுக்கு மண்ணெண்ணெயும் அரிசியும் கொண்டு போவது, நோயாளிகளை இறக்குவது எல்லாம் இந்த வகை ஹெலிகாப்டர்களின் அன்றாட வேலை. தமிழ்நாட்டில் இந்தப் பெயர் வீட்டுக்கு வீடு உச்சரிக்கப்பட்டது ஒரு துக்க நாளில்தான். 2021 டிசம்பர் 8ஆம் தேதி குன்னூர் அருகே மரங்களுக்கிடையே விழுந்து, முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத் உள்ளிட்ட 14 பேர் உயிரிழக்கக் காரணமான விபத்தில் சிக்கியது மி-17 வி5. அதே குடும்பத்தின் முந்தைய தலைமுறை ஹெலிகாப்டர்தான் முகிலன் ஓட்டியது.

லாரியை ஏன் பீரங்கி வண்டியாக்கி மலைக்கு அனுப்பினார்கள் என்பது நியாயமான கேள்வி. பதில் சொல்ல 1999 மே மாதத்துக்குப் போக வேண்டும்.

அந்த ஆண்டு ஏப்ரல் 17ஆம் தேதி வாஜ்பாய் அரசு ஒரே ஒரு ஓட்டில் கவிழ்ந்திருந்தது. அதில் தமிழகத்தின் பங்கு என்ன என்று இங்கே யாருக்கும் நினைவூட்ட வேண்டியதில்லை. தேர்தலை எதிர்நோக்கியிருந்த காபந்து அரசின் தலையில் மே முதல் வாரத்தில் கார்கில் வந்து விழுந்தது. மலைமுகடுகளில் ஊடுருவியிருப்பவர்கள் எத்தனை பேர், யார், என்ன ஆயுதம் வைத்திருக்கிறார்கள் என்று எதுவும் தெளிவாகாத நிலையில், சரிவில் ஏறிய ஜவான்கள் மேலிருந்து வந்த குண்டுகளுக்கு இரையாகிக்கொண்டிருந்தார்கள். ஹெலிகாப்டர்களில் ஆயுதம் பொருத்தி உதவுங்கள் என்று தரைப்படை விமானப்படையைக் கேட்டது. அந்த உயரத்தில் தாக்குதல் ஹெலிகாப்டர்கள் சரிப்படாது, எளிதில் குறியாகிவிடும், அது போக விமானப்படையை இறக்குவதென்றால் அரசியல் தலைமையின் ஒப்புதல் வேண்டும் என்றது விமானப்படைத் தலைமை. அன்றைய தரைப்படைத் தளபதி வி.பி. மாலிக்கும் விமானப்படைத் தளபதி ஏ.ஒய். டிப்னிசும் ஓய்வுபெற்ற பிறகு இதைப் பற்றி எழுதினார்கள். இரண்டையும் அடுத்தடுத்துப் படித்தால் ஒரே போரைப் பற்றியவைதானா என்று சந்தேகம் வரும்.

அரசு முதலில் மறுத்தது. மே 25ஆம் தேதி சம்மதித்தது, எல்லைக் கட்டுப்பாட்டுக் கோட்டைத் தாண்டக் கூடாது என்ற நிபந்தனையோடு. மறுநாள் காலை 'ஆபரேஷன் சஃபேத் சாகர்' தொடங்கியது. மிக் விமானங்கள் போயின. ராக்கெட் பொருத்திய மி-17களும் போயின.

ஏன் மி-17? தாக்குதலுக்கென்றே வடிவமைக்கப்பட்ட மி-25, மி-35 ஹெலிகாப்டர்கள் விமானப்படையிடம் இருந்தன. கவசத்தின் கனத்தோடு அந்த மலைகளின் உயரத்துக்கு ஏறிச் சண்டையிட அவற்றால் முடியாது. காற்று மெலிய மெலிய எஞ்சினுக்கும் மூச்சு முட்டும், சுழலும் இறக்கைக்கும் பிடிமானம் குறையும். ஒப்புநோக்க மி-17தான் ஏறக்கூடியது. கவசமில்லாதது என்பதாலேயே ஏறக்கூடியது என்பதுதான் இதிலுள்ள விபரீதம்.

தோலோலிங், ஸ்ரீநகரையும் லேயையும் இணைக்கும் நெடுஞ்சாலைக்கு மேலே திராஸ் ஊரைப் பார்த்தபடி நிற்கிறது. உச்சியில் தொலைநோக்கியோடு ஒருவன் உட்கார்ந்தால் கீழே போகும் ஒவ்வொரு லாரியையும் எண்ணலாம். அங்கிருந்து சொல்லப்படும் குறிப்புகளைக் கொண்டு பீரங்கிக் குண்டுகள் சாலையில் வந்து விழுந்துகொண்டிருந்தன. லடாக்குக்குப் போகும் உணவும் எரிபொருளும் அந்தச் சாலையை நம்பியவை. ஆகவே எப்பாடு பட்டாவது தோலோலிங்கை மீட்க வேண்டியிருந்தது. மறைவதற்கு ஒரு புதர்கூட இல்லாத மொட்டைச் சரிவில் காலாட்படையினர் பாறைகளுக்குப் பின்னால் நாள்கணக்கில் முடங்கிக் கிடந்தார்கள். அவர்களுக்கு வழி ஏற்படுத்தத்தான் ஹெலிகாப்டர்கள் போயின. இந்த அவசரத்தைச் சொல்லாமல் அந்த முடிவை மட்டும் விமர்சிப்பது நியாயமாகாது.

மேலே ஸ்டிங்கர் இருந்தது. இந்த அமெரிக்க ஏவுகணைக்கும் ரஷ்ய ஹெலிகாப்டர்களுக்கும் பழைய பகை உண்டு. ஆப்கானிஸ்தானில் சோவியத் படைகளை எதிர்த்த முஜாஹிதீன்களுக்கு பாகிஸ்தான் வழியாக அமெரிக்கா இதைக் கொடுத்தது. 1986 செப்டம்பரில் ஜலாலாபாத் அருகே முதன்முதலாகப் பிரயோகித்தபோதே மூன்று சோவியத் ஹெலிகாப்டர்கள் விழுந்தன. சுமார் 15 கிலோ எடை. ஒருவர் தோளில் தூக்கிக்கொண்டு மலையேறிவிடலாம். எஞ்சினின் வெப்பத்தை மோப்பம் பிடித்துத் துரத்தும். சமவெளியில் நின்று சுட்டால் அது எட்டும் உயரத்துக்கு வரம்பு உண்டு. 15,000 அடிக்கு மேல் பறப்பவர் நிம்மதியாக இருக்கலாம். ஏவுகணைக்காரரே ஏறக்குறைய அந்த உயரத்தில் ஒரு பாறை மேல் உட்கார்ந்திருந்தால் அந்தக் கணக்கு தலைகீழாகிவிடும். ஹெலிகாப்டர் அவருக்கு நேர் எதிரே வரும். சில சமயம் கண்ணுக்குக் கீழேகூட வரும்.

ஸ்டிங்கர் அங்கே இருக்கிறது என்பது தெரியாத விஷயமும் அல்ல. மே 21ஆம் தேதியே, படம் எடுக்கப் போன கான்பெரா விமானம் ஒன்றின் எஞ்சினை ஏவுகணை பதம் பார்த்திருந்தது. அது எப்படியோ ஸ்ரீநகர் திரும்பிவிட்டது. மே 27ஆம் தேதி ஃபிளைட் லெஃப்டினன்ட் நச்சிகேதாவின் மிக்-27 எஞ்சின் அணைந்து விழுந்தது. அவரைத் தேடித் தாழப் பறந்த ஸ்குவாட்ரன் லீடர் அஜய் அகுஜாவின் மிக்-21ஐ ஏவுகணை வீழ்த்தியது. ஆக, ஒரே நாளில் இரண்டு விமானங்கள் போயிருந்தன. ஒலிக்கு நிகரான வேகத்தில் போகும் போர் விமானங்களுக்கே இந்த கதி. மணிக்கு 250 கிலோமீட்டரைத் தாண்டாத மி-17 மறுநாளே அதே மலைகளுக்குப் போனது.

அன்றைய அணிக்கு வைத்திருந்த பெயர் 'நுப்ரா'. சியாச்சின் பனியாறு உருகி லடாக்கில் இறங்கும் ஆற்றின் பெயர் அது. ராக்கெட் தாக்குதல் நடத்தும் ஹெலிகாப்டருக்கு மிக ஆபத்தான நேரம் இரண்டு. குறி பார்ப்பதற்காக இலக்கை நோக்கி நேர்கோட்டில் போயாக வேண்டிய சில விநாடிகள் ஒன்று. சுட்டு முடித்ததும் திரும்பும் சில விநாடிகள் மற்றொன்று. திரும்பும்போது வேகம் குறைகிறது. கனன்றுகொண்டிருக்கும் எஞ்சின் புகைபோக்கி எதிரியின் பார்வைக்குத் தெரிகிறது. முகிலனின் ஹெலிகாப்டர் முதலாவதைக் கடந்துவிட்டது. ராக்கெட்டுகள் இலக்கைத் தாக்கின. சொன்ன வேலை முடிந்தது. இரண்டாவதைக் கடக்கவில்லை.

வெப்பத்தைத் துரத்தும் ஏவுகணைக்கு ஒரு மாற்று இருக்கிறது. ஃபிளேர் என்பார்கள். தீபாவளி மத்தாப்பை நூறு மடங்கு பெரிதாக்கியது போல, எஞ்சினைவிடச் சூடாக எரியும் தீப்பந்துகளை ஹெலிகாப்டர் வழிநெடுக உதிர்த்துக்கொண்டே போகும். ஏவுகணை எஞ்சினை விட்டுவிட்டு அந்தத் தீயின் பின்னால் போய்விட வாய்ப்புண்டு. தாக்கப்பட்ட மி-17இல் இந்த ஃபிளேர் வசதி இல்லை என்று கார்கிலில் விமானப்படையின் பங்கைப் பின்னாளில் ஆராய்ந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். இருந்திருந்தால் நால்வரும் பிழைத்திருப்பார்கள் என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது. அவ்வளவு நெருக்கத்தில் ஃபிளேரும் கைவிடலாம். ஆனாலும் ஸ்டிங்கர் இருப்பது தெரிந்த மலைக்கு ஃபிளேர் இல்லாத ஹெலிகாப்டர் போனது. பதக்கத்துக்கான புகழுரையில் இடம்பெறாத வாக்கியம் இது.

ஹெலிகாப்டர் விமானியின் துணிச்சலை மற்ற விமானிகளின் துணிச்சலோடு சேர்த்துப் பேசிவிடுகிறோம். ஒரு வித்தியாசத்தை நினைக்க வேண்டும். மிக்-27இல் எஞ்சின் அணைந்தபோது நச்சிகேதா இருக்கையின் விசையை இழுத்தார். இருக்கை அவரோடு சேர்ந்து வெளியே பாய்ந்தது, பாராசூட் விரிந்தது. பிடிபட்டார், சிறையில் வதைபட்டார், ஜூன் முதல் வாரத்தில் உயிரோடு ஊர் திரும்பினார். மி-17இல் அப்படி ஓர் இருக்கை கிடையாது. தலைக்கு மேலே இறக்கை சுழன்றுகொண்டிருக்கும் வண்டியிலிருந்து மேல்நோக்கிப் பாய முடியாது. தாழப் பறக்கும்போது குதிக்கவும் உயரம் இருக்காது. ஏறி உட்கார்ந்தால், அது எங்கே இறங்குகிறதோ அங்கேதான் இறங்க வேண்டும். அதில் ஏறுகிற ஒவ்வொருவருக்கும் முதல் நாளிலிருந்தே இது தெரியும்.

தனியாகவும் போக முடியாது. போர் விமானத்தில் ஒருவர் அல்லது இருவர். மி-17இல் முன்னால் இரண்டு விமானிகள், அவர்களுக்குப் பின்னால், கை எட்டும் தூரத்தில், மற்றவர்கள். புண்டிரும் முகிலனும் அதிகாரிகள். பிரசாத்தும் சாஹுவும் சார்ஜென்ட்டுகள். பெயர்களை எப்போதும் இந்த வரிசையில்தான் வாசிக்கிறார்கள், பதவி வரிசை. ராணுவத்தில் அது மரபு, குறை சொல்வதற்கில்லை. ஏவுகணை மட்டும் அந்த வரிசையைப் பார்க்கவில்லை. முகிலனைத் தமிழர் மறந்தார்கள் என்று எழுதும்போது, பிரசாத்தையும் சாஹுவையும் யார் நினைத்துக்கொள்கிறார்கள் என்று ஒரு நிமிடம் யோசிக்கத் தோன்றுகிறது.

கார்கில் இந்தியாவின் முதல் தொலைக்காட்சிப் போர். இறந்தவர்களின் உடல்கள் பெருமளவில் சொந்த ஊருக்கே வந்து சேர்ந்த முதல் போரும் அதுதான். அதற்கு முந்தைய போர்களில் பெரும்பாலும் தந்திதான் வரும். 1999இல் தேசியக் கொடி போர்த்திய பெட்டி ஊர் ஊராக வந்தது. 527 பேர் என்பது அரசுக் கணக்கு. தெருக்களுக்கும் பள்ளிகளுக்கும் பெயர் சூட்டினார்கள். பிறகு சினிமா வந்தது. பெரிய செலவில் எடுத்த கார்கில் இந்திப் படங்கள் பலவும் காலாட்படையைப் பற்றியவை. ஹெலிகாப்டர் விமானியைக் கதாநாயகியாக்கி 2020இல் வந்த படம் குஞ்சன் சக்சேனாவைப் பற்றியது. சிறிய சீட்டா ஹெலிகாப்டர் ஓட்டி, போர் முடிந்து நலமாகத் திரும்பியவர் அவர். அந்தப் படம் வந்தபோது, விமானப்படையில் பெண்களை நடத்தும் விதத்தைத் தவறாகக் காட்டிவிட்டார்கள் என்று விமானப்படை ஆட்சேபித்தது. பெரிய சர்ச்சை. சினிமாவில் வந்த சம்பவங்கள் சரியா என்று அத்தனை பேர் விவாதித்தார்கள். மே 28ஆம் தேதிச் சம்பவத்தைப் பற்றி அப்படியொரு பொது விவாதம் நடந்ததாக நினைவில்லை.

நடக்க வாய்ப்பிருந்த இடம் ஒன்று உண்டு. போர் முடிந்த கையோடு, திருச்சியில் பிறந்த கே. சுப்ரமணியம் தலைமையில் கார்கில் ஆய்வுக் குழு அமைக்கப்பட்டது. சுதந்திர இந்தியாவில் ஒரு போரைப் பற்றிய விசாரணை அறிக்கை நாடாளுமன்றத்தில் வைக்கப்படுவது அபூர்வம். 2000 பிப்ரவரியில் இது வைக்கப்பட்டது. 1962 சீனப் போரைப் பற்றிய ஹெண்டர்சன் புரூக்ஸ் அறிக்கையை எந்த அரசும் இன்றுவரை அதிகாரபூர்வமாக வெளியிடவில்லை என்பதைப் பார்க்கும்போது இது பெரிய விஷயம்தான். ஆனால் அந்தக் குழுவுக்கு இடப்பட்ட வேலை, ஊடுருவலுக்கு இட்டுச்சென்ற நிகழ்வுகளை ஆராய்ந்து இனி என்ன செய்யலாம் என்று சொல்வது. போரை நடத்திய விதம் அதன் வரம்புக்குள் இல்லை. எந்த ஹெலிகாப்டர் எந்தக் கருவியோடு போனது என்ற கேள்வி ஆரம்பத்திலேயே வாசலுக்கு வெளியே நின்றுவிட்டது.

இறந்தவரைப் பற்றி இப்படியெல்லாம் கேட்பது மரியாதைக்குறைவு என்று நினைப்பவர்கள் உண்டு. 'வீரமரணம்' என்று எழுதிவிட்டால் அதற்கு மேல் எழுதக் கூடாது என்று ஒரு சம்பிரதாயமே வந்துவிட்டது. தமிழனின் பழைய வழக்கம் அப்படி இல்லை.

திருவண்ணாமலை மாவட்டத்தில் செங்கம் வட்டாரத்து நடுகற்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஆயிரம், ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன்னால் ஆநிரை கவர்ந்த சண்டையில் செத்தவர்களுக்கு நட்ட கற்கள். வில்லும் கையுமாக வீரனின் உருவம். மேலே நான்கைந்து வரி வட்டெழுத்து. அந்த வரிகளில் புகழ்ச்சி அநேகமாக இருக்காது. எந்த அரசனுடைய எத்தனையாவது ஆட்சியாண்டு, யார் மாடுகளைக் கொண்டுபோனார்கள், யாருடைய ஆளாக இவன் போனான், என்ன நடந்தது என்று இருக்கும். கிட்டத்தட்ட ஒரு முதல் தகவல் அறிக்கை. எடுத்தனூரில் உள்ள கல் புகழ்பெற்றது. மகேந்திரவர்ம பல்லவனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. இறந்த வீரன் கருந்தேவக்கத்தி. அவன் விழுந்த பிறகும் அவனுடைய நாய் கள்ளர்கள் இருவரைக் கடித்துவிட்டுக் காவல் நின்றதாம். நாயின் பெயர் கோவிவன் என்பது வரைக்கும் கல்லில் இருக்கிறது; நாயின் உருவமும் இருக்கிறது. செதுக்கியவர் எதையும் விட்டுவிடவில்லை. ஏறக்குறைய பதினான்கு நூற்றாண்டு கழித்துப் படிக்கிறவருக்கும் அங்கே அன்று என்ன நடந்தது என்று புரிகிறது. அந்தக் காலத்து ஊர்க்காரர்கள் விவரம் சொல்வதை மரியாதைக்குறைவாக நினைக்கவில்லை.

தோலோலிங்குக்கு அந்த முறையில் ஒரு கல் செதுக்கினால் அதில் இருக்க வேண்டியவை: வாஜ்பாய் ஆட்சியின் காலம், எல்லைக் கோட்டைத் தாண்டாதே என்ற ஆணை, சரிவில் முடங்கிக் கிடந்த ஜவான்களுக்கு வழி திறக்கப் போனது, சாமான் தூக்கும் ஹெலிகாப்டரில் ராக்கெட் கட்டிக்கொண்டு போனது, ராக்கெட்டுகள் இலக்கில் விழுந்தது, ஃபிளேர் இல்லாதது, கூட மூன்று பேர் இருந்தது. முகிலனின் துணிச்சல் இதனால் ஒரு துளி குறையாது. தன்னிடம் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று தெரிந்து போனவர் என்றால் கூடத்தான் செய்யும்.

அந்தக் கேள்விக்கு அரசின் பதில் ஒரு வகையில் வந்தது. வர 23 ஆண்டுகள் ஆயின. மலை உயரங்களில் சண்டையிடும் இலகுரகத் தாக்குதல் ஹெலிகாப்டர் தேவை என்று கார்கில் உணர்த்திய பிறகு, பெங்களூரின் ஹிந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் நிறுவனம் ஒன்றை உருவாக்கியது. 'பிரசண்ட்' என்று பெயரிட்டு 2022 அக்டோபர் 3ஆம் தேதி ஜோத்பூரில் விமானப்படையில் சேர்த்தார்கள். கார்கிலின்போது இதன் தேவை கடுமையாக உணரப்பட்டது என்று அந்த விழாவில் பாதுகாப்பு அமைச்சர் ராஜ்நாத் சிங் சொன்னார். 2025 மார்ச்சில் மேலும் 156 ஹெலிகாப்டர்களுக்குச் சுமார் 62,700 கோடி ரூபாய்க்கு ஒப்பந்தம் கையெழுத்தானது. கவசம் உண்டு, ஃபிளேர் உண்டு, ஏவுகணை வருவதை எச்சரிக்கும் கருவி உண்டு. முகிலன் இருந்திருந்தால் இந்நேரம் பணியிலிருந்து ஓய்வுபெறும் வயதை எட்டியிருப்பார்.

உடனடி பதில் 1999லேயே வந்தது. மே 28க்குப் பிறகு மி-17களைத் தாக்குதலுக்கு அனுப்புவதை விமானப்படை நிறுத்திக்கொண்டது. மூன்று நாள்தான் அந்தச் சோதனை நீடித்தது. விமானங்கள் ஏவுகணைக்கு எட்டாத உயரத்துக்குப் போய்க் குண்டு வீசத் தொடங்கின. பின்னர் மிராஜ் விமானங்களும் லேசர் குண்டுகளும் வந்தன. இந்த முடிவால் அடுத்த இரண்டு மாதங்களில் எத்தனை ஹெலிகாப்டர் விமானிகள் உயிர் தப்பினார்கள் என்று கணக்கிட வழியில்லை. அவர்களில் எவருக்காகவும் எந்த அணிவகுப்பிலும் இடம் காலியாக விடப்படவில்லை என்பது மட்டும் தெரியும்.

தோலோலிங்கை ஜூன் 13ஆம் தேதி 2ஆம் ராஜபுதன ரைஃபிள்ஸ் படையினர் மீட்டார்கள். போரின் திருப்புமுனை என்று அதைச் சொல்கிறார்கள். மலையின் காலடியில் திராஸில் இப்போது போர் நினைவகம் இருக்கிறது. சுற்றுலாப் பயணிகள் கொடிக்கம்பத்தின் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்ளும்போது பின்னணியில் தெரிவது அந்த மலைதான்.

மி-17கள் பழைய வேலைக்குத் திரும்பின. போர் முடியும் வரை விமானப்படை ஹெலிகாப்டர்கள் 2,000 தடவைக்கு மேல் பறந்தன. போகும்போது சாமான்களும் ஆட்களும். வரும்போது அந்த மலைகளில் காயம்பட்டவர்கள்.